நடுகல்லும் நாளிதழும்
(நாக்-அவுட் ஆட்டங்களின் வீரர்களைப் பத்திரிகைகள் பதிந்து வைத்த வரலாறு – பாலக்காட்டிலிருந்து ஒரு பார்வை)

முன்னுரை

2006-ஆம் ஆண்டில், தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்திலுள்ள புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் சில கண்டெடுக்கப்பட்டன. நம் இடுக்கி மாவட்டத்தின் எல்லைக்கு அப்பால், மலை இறங்கினால் வரும் நாடுதான் அது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று அறிஞர்கள் கூறும் அக்கற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது மாடுபிடிச் சண்டையில், இறந்துபட்ட ஒருவனின் பெயரைச் சொல்லுகிறது. மொத்தம் ஐந்தாறு சொற்களே. ஆளின் பெயர், ஊரின் பெயர், நடந்த காரியம். அவ்வளவுதான். 'மாவீரன்' என்று கூட இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூர் என்ற பெயரில் ஊர் இன்றும் இருக்கிறது.

ஒருவன் தன் ஊருக்காக ஒரு நாள் நின்றான். அதை ஊர் மறக்கக் கூடாது என்று கல் நட்டார்கள். நடுகல் எடுப்பதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. இன்று ஊருக்கு ஊர் மாடு பிடிக்கும் சண்டை இல்லை. விளையாட்டுப் போட்டிதான் இருக்கிறது. கல்லுக்குப் பதிலாகப் பத்திரிகை இருக்கிறது. அப்படியானால் பத்திரிகை எவன் பெயரைப் பொறிக்கிறது, எவன் பெயரை விட்டுவிடுகிறது, ஏன் விடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாத்திரக் கடைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். பாத்திரத்தை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது கீறல் விழாமலிருக்க இடையில் பழைய பேப்பரைத்தான் வைக்கிறோம். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று மூன்று பாஷைப் பேப்பரும் கிலோக் கணக்கில் என் கடைக்கு வரும். நாற்பது வருஷமாக விளையாட்டுப் பக்கத்தை மட்டும் தனியே எடுத்து வைப்பது எனக்குப் பழக்கம். "இந்தாளுக்குப் பேப்பரைப் படிச்சுப் படிச்சே வியாபாரம் போவுது" என்று வீட்டில் சொல்லுவார்கள்.

பேஸ்பாலும் கிரிக்கெட்டும்

வீரர்களைப் பத்திரிகை வாயிலாகக் கொண்டாடும் வழக்கத்தில் அமெரிக்கர்களை மிஞ்ச ஆளில்லை. அவர்களது பேஸ்பால் ஆட்டத்தில் பருவம் முழுக்க லீக் ஆட்டங்கள் நடக்கும். முன்னிலையில் வரும் அணிகள் மட்டும் பிளே-ஆஃப் என்னும் கடைசிச் சுற்றுகளில் மோதும். அதன் முடிவே 1903-இல் தொடங்கிய உலகத் தொடர். வானொலி வருவதற்கு முன் பத்திரிகை அலுவலக வாசலில் பெரிய பலகை கட்டி, தந்தியில் வரும் விவரத்தை அவ்வப்போது அதில் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தெரு நிறையச் சனம் நின்று பார்க்கும்.

அந்த ஆட்டத்தின் விவரத்தை ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கி, யார் எத்தனை ஓட்டம், யார் எத்தனை பிழை என்று அச்சிடும் முறையை 1859-ஆம் ஆண்டளவில் பரப்பியவர் ஹென்றி சாட்விக் என்னும் பத்திரிகையாளர். இங்கிலாந்தில் 1824-இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். முதலில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட்டின் ஸ்கோர் அட்டையைப் பார்த்துத்தான் பேஸ்பால் கட்டத்தை அமைத்தார். ஆக, குடிபெயர்ந்து போன ஒருவர், பிறந்த ஊரின் கணக்கு முறையைப் போன ஊரின் ஆட்டத்துக்குக் கொடுத்தார் என்பது நம் போன்றோர் கருதத் தக்கது.

பிளே-ஆஃப் என்பதே ஒரு நாள் அரசனை உண்டாக்கும் இடம். 1956 அக்டோபர் 8 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணியின் டான் லார்சன், உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், எதிரணியிலிருந்து வந்த 27 பேரில் ஒருவரைக் கூட முதல் தளத்தில் கால் வைக்க விடாமல் வீசி முடித்தார். உலகத் தொடரில் அப்படி முழுமையாக வீசியவர் இன்றளவும் வேறு எவருமில்லை. ஆனால் அவருடைய மொத்தக் கணக்கு 81 வெற்றி, 91 தோல்வி. அவரைச் சரித்திரத்தில் நிறுத்தியது அந்த ஒரு நாளும், மறுநாள் வந்த பேப்பரும்தான்.

பாலக்காட்டு மைதானத்தில் இரு கற்கள்

நம் நாட்டில் இதற்கு ஒப்பானது ரஞ்சிக் கோப்பை. முதலில் குழுவுக்குள் லீக் ஆட்டம், பிறகு கால் இறுதி, அரை இறுதி, இறுதி என்று நாக்-அவுட். நாக்-அவுட் ஆட்டம் முடிவில்லாமல் நின்றால், முதல் இன்னிங்சில் முந்தியவர் மேலே போவார். இந்த விதியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருவதெல்லாம் இதைச் சுற்றியே.

திருவிதாங்கூர்–கொச்சி என்ற பெயரில் 1951-52-இலும், கேரளம் என்ற பெயரில் 1957-58-இலும் இந்த அணி ரஞ்சியில் கால் வைத்தது. நெடுங்காலம் அடி வாங்கிய அணிதான். ஆனால் அதன் இரண்டு பெரிய கற்கள் நம் பாலக்காட்டு மண்ணில் நடப்பட்டவை என்பதை இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

முதலாவது 1959-60-ஆம் ஆண்டு ஆந்திரத்துக்கு எதிராக நடந்தது. பாலன் பண்டிட் 262 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். கூட நின்ற ஜார்ஜ் ஆபிரகாம் எடுத்தது 198. மூன்றாம் விக்கெட்டுக்கு இருவரும் சேர்த்தது 410. இரண்டாவது 2007-இல், ஹைதர் அலி கட்டிய கோட்டைக்குப் பக்கத்திலுள்ள கோட்டை மைதானத்தில், சர்வீசஸ் அணிக்கு எதிராக. ஸ்ரீகுமார் நாயர் 306 ரன் எடுத்து நாட்-அவுட். கேரளத்துக்கு முதல் முச்சதம். பாலன் பண்டிட்டின் கல் பல வருஷம் கழித்து அதே பாலக்காட்டில்தான் மாற்றப்பட்டது.

இதில் நான் கவனித்த ஒன்று. பாலன் பண்டிட் என்று சொன்னால் பழைய ஆட்கள் உடனே 262 என்பார்கள். ஜார்ஜ் ஆபிரகாம் பெயரைச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். 198-க்கும் 200-க்கும் இடையே இரண்டு ரன்தான். அந்த இரண்டு ரன் இருந்தால் 'இரட்டைச் சதம்' என்று தலைப்புக் கிடைத்திருக்கும். தலைப்புக்குள் அடங்காத வீரம் ஞாபகத்திலும் அடங்குவதில்லை.

கால்பந்திலும் இதே கதைதான். 1973-இல் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3-2 என்று வென்று கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையைப் பிடித்தது. மூன்று கோலும் கேப்டன் மணி அடித்தது. 'கேப்டன் மணி' என்பது பட்டம் போலவே நிலைத்துவிட்டது. பந்தை அவர் காலுக்குக் கொண்டுவந்து கொடுத்த மற்றவர்கள் பெயரைத் தேடிப் பிடித்துத்தான் படிக்க வேண்டும்.

ஒரு ரன், இரண்டு ரன்

இனி 2025-ஆம் ஆண்டுக்கு வருவோம். பிப்ரவரி மாதம் பூனாவில் கால் இறுதி. ஜம்மு-காஷ்மீர் முதல் இன்னிங்சில் 280. கேரளம் 200 ரன்னுக்கு 9 விக்கெட் இழந்துவிட்டது. தலசேரிக்காரரான சல்மான் நிசார், கடைசி ஆளாக வந்த பேசில் தம்பியைக் கூட வைத்துக்கொண்டு 81 ரன் சேர்த்தார். சல்மான் 112 நாட்-அவுட், தம்பி 15. கேரளம் 281. ஒரே ஒரு ரன் அதிகம்! ஆட்டம் டிராவாகி, அந்த ஒரு ரன்னால் கேரளம் அரை இறுதிக்குப் போயிற்று.

அரை இறுதி அகமதாபாத்தில், குஜராத்துடன். காசர்கோட்டுக்காரர் முகமது அசாருதீன் 177 நாட்-அவுட். கேரளம் 457. குஜராத் தரப்பில் பிரியங்க் பாஞ்சால் 148. பிப்ரவரி 21, கடைசி நாள் காலை, குஜராத்துக்கு மூன்று விக்கெட் கையிலிருக்க 29 ரன் வேண்டும். என் கடையில் போணி ஆகவில்லை. அடுத்த கடை மலையாளி நண்பர் போனைக் கையில் பிடித்தபடி என் திண்ணைக்கே வந்துவிட்டார். குஜராத் 455. ஒரு விக்கெட் பாக்கி. நாக்வாஸ்வாலா ஓங்கி அடித்தார். பந்து பக்கத்தில் குனிந்து நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு மேலே எழும்பியது. ஸ்லிப்பில் நின்ற கேப்டன் சச்சின் பேபி அதைப் பிடித்தார். இரண்டு ரன் முந்தல். கேரளம் தன் சரித்திரத்திலேயே முதல் முறையாக இறுதிப் போட்டிக்குப் போயிற்று.

மறுநாள் மலையாளப் பத்திரிகைகள் இதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தன. தமிழ்ப் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பத்தி வந்தது. ஹெல்மெட்தான் கதாநாயகன். அந்த ஹெல்மெட்டைக் கேரளக் கிரிக்கெட் சங்கம் பத்திரப்படுத்தி வைக்கப்போவதாகவும் செய்தி வந்தது. நடுகல் என்று நான் சொன்னது வெறும் உவமை அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆனால் ஸ்கோர் அட்டையைப் பாருங்கள். அந்த விக்கெட்டுக்கு நேரே 'பிடித்தவர் சச்சின் பேபி, வீசியவர் சர்வாதே' என்று மட்டுமே இருக்கும். தலையில் அடி வாங்கிய சல்மான் நிசார் பெயரே இருக்காது. 2019 ஜனவரியில் வயநாட்டில் நடந்த கால் இறுதியில் விரல் முறிந்த சஞ்சு சாம்சன், கடைசி ஆளாக வந்து ஒற்றைக் கையால் மட்டை பிடித்து நின்றார். அட்டையில் அவருக்கு அந்த இன்னிங்சில் பூஜ்யம். அதைப் படித்துவிட்டு அன்று நடந்ததை யாராவது ஊகிக்க முடியுமா? பத்திரிகைக்காரர் எழுதியதால் தெரிந்தது.

நான் சமண மரபில் வந்தவன். எங்கள் பெரியோர் அநேகாந்தம் என்று ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எந்தப் பொருளுக்கும் பல பக்கம் உண்டு. ஒரு பக்கத்தைப் பார்த்து 'இதுதான்' என்று அறுதியிடுவது குறை ஞானம். தலைப்புச் செய்தி ஒரு பக்கம். அட்டை ஒரு பக்கம். தலைப்பு கதையைக் காப்பாற்றும், ஆட்களை விட்டுவிடும். அட்டை ஆட்களைக் காப்பாற்றும், கதையை விட்டுவிடும். இரண்டையும் சேர்த்து வாசிப்பவனே வரலாறு வாசிப்பவன்.

நம்மவர் யார்?

பிப்ரவரி 26 முதல் மார்ச் 2 வரை நாக்பூரில் இறுதிப் போட்டி, விதர்பாவுடன். இதே விதர்பாதான் 2017-18 கால் இறுதியிலும் 2018-19 அரை இறுதியிலும் கேரளத்தை வீழ்த்தி, இரு முறையும் கோப்பையைக் கொண்டுபோன அணி. அந்த அரை இறுதியில் உமேஷ் யாதவ் இரு இன்னிங்சிலும் சேர்த்து 12 விக்கெட் எடுத்தார். கேரளம் 106-க்கும் 91-க்கும் சுருண்டது.

இம்முறை விதர்பா 24 ரன்னுக்கு 3 விக்கெட் என்று தடுமாறியது. அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் இருவர். இளைஞர் டேனிஷ் மாலேவார் 153. கருண் நாயர் 86. இருவரும் சேர்த்தது 215. இரண்டாம் இன்னிங்சில் கருண் நாயர் 135. கேரளம் முதல் இன்னிங்சில் 342, விதர்பா 379. ஆட்டம் டிரா. 37 ரன் முந்தலால் கோப்பை விதர்பாவுக்கு. அந்த அணியின் ஹர்ஷ் துபே அந்தப் பருவத்தில் எடுத்தது 69 விக்கெட். ரஞ்சியில் ஒரு பருவத்துக்கு இதுவே மிக அதிகம்.

கருண் நாயர் யார்? ஜோத்பூரில் பிறந்த மலையாளி. வளர்ந்ததும் ஆடியதும் கர்நாடகத்தில். 2015 ரஞ்சி இறுதிப் போட்டியில் நம் தமிழ்நாட்டுக்கு எதிராக 328 எடுத்து நம்மை அழ வைத்தவர். அடுத்த ஆண்டு டிசம்பரில் சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியாவுக்காக இங்கிலாந்துக்கு எதிராக 303 நாட்-அவுட். அதே சனம் எழுந்து நின்று கை தட்டியது. 2023-24 முதல் இரு பருவம் விதர்பாவுக்கு ஆடினார். அப்போதுதான் கேரளத்தின் முதல் கோப்பைக் கனவைக் கலைத்த முக்கியமான கை ஒரு மலையாளியின் கையாக அமைந்தது.

மறுபக்கம் பார்ப்போம். அரை இறுதியில் கேரளத்துக்காக நாலு நாலு விக்கெட் எடுத்தவர்கள் ஜலஜ் சக்சேனாவும் ஆதித்ய சர்வாதேயும். சக்சேனா மத்தியப் பிரதேசத்துக்காரர். 2016-17-இல் கேரளத்துக்கு வந்தார். ரஞ்சியில் 6000 ரன்னும் 400 விக்கெட்டும் எடுத்த முதல் ஆள் என்ற பெருமையைக் கேரளச் சட்டையோடு பெற்றார். சர்வாதே விதர்பாவிலிருந்தே வந்தவர். அவர்கள் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். இறுதிப் போட்டியில் சொந்த ஊருக்கு எதிராக நின்று 79 ரன் எடுத்தார்.

இந்தச் சமயத்தில்தான் என் பேரன் கேட்டான். பாலக்காட்டில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன்.

"தாத்தா, நாம கேரளாவா தமிழ்நாடா?"

"ஏன்டா கேக்கிறே?"

"கிளாஸ்ல கேட்டாங்க. கேரளா ஜெயிக்கணும்னு நான் கத்தினேன். நீ தமிழன்தானே, உனக்கென்னடான்னு ஒருத்தன் சொல்றான்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. பேப்பரை எடுத்துக் கொடுத்து, "சர்வாதேக்கு எந்த ஊரு, கருண் நாயருக்கு எந்த ஊரு, பாத்து எழுதிட்டு வா" என்றேன். எழுதிக்கொண்டு வந்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ரெண்டும்தான் தாத்தா" என்றான். அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

பழி சுமந்தவர்கள்

வீரனுக்குக் கல் நடுவது போலவே, தோற்றால் ஒருவன் தலையில் பழியை ஏற்றுவதும் நாக்-அவுட் செய்திகளின் குணம். இது கவலைக்குரிய பகுதி.

1986 உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், பாஸ்டன் அணியின் பில் பக்னர் கால்களுக்கு இடையே பந்து உருண்டு போய்விட்டது. அந்த ஆட்டமும் போயிற்று, அடுத்ததும் போயிற்று, கோப்பையும் போயிற்று. பக்னர் தம் ஆட்ட வாழ்வில் 2,715 முறை பந்தை அடித்துத் தளம் பிடித்தவர். அதெல்லாம் மறைந்து, அந்த ஒரு பந்துதான் அவர் பெயராயிற்று. 2008-இல் பாஸ்டன் மைதானத்துக்கு அவரைத் திரும்ப அழைத்து முதல் பந்தை வீசச் சொன்னார்கள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அதற்கு 22 வருஷம் ஆயிற்று. 2019-இல் காலமானார்.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1954-55, 1987-88 என்று இரண்டே முறை ரஞ்சியை வென்ற தமிழ்நாடு, 2023-24-இல் பல வருஷம் கழித்து அரை இறுதிக்கு வந்தது. 2024 மார்ச்சில் மும்பையிடம் இன்னிங்ஸ் தோல்வி. டாஸ் ஜெயித்து முதலில் மட்டை பிடித்ததே தவறு, முதல் நாள் காலையிலேயே தோற்றுவிட்டோம் என்ற பொருளில் பயிற்சியாளரே பத்திரிகைகளிடம் பேசினார். செய்தி முழுக்க அதுதான். அந்த முடிவை எடுத்த கேப்டன் சாய் கிஷோர், அந்தப் பருவத்தில் நாட்டிலேயே அதிகமாக 53 விக்கெட் எடுத்தவர். அந்த ஆட்டத்திலேயே ஓர் இன்னிங்சில் 6 எடுத்தவர். அட்டை இதைச் சொல்கிறது. தலைப்பு சொல்லவில்லை.

நாக்பூரில் சச்சின் பேபி 98-இல் தூக்கி அடித்து அவுட் ஆனார். 'அந்த அடி மட்டும் அடிக்காமலிருந்தால்' என்று மறுநாள் எங்கும் பேச்சு. என் அடுத்த கடை நண்பரும் கோபமாகத்தான் இருந்தார். "சேட்டா, கேரளத்தில் அன்றைக்கு அதிக ரன் யாருக்கு?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமலிருந்து, "அவனுக்குத்தான்" என்றார். 98 எடுத்தவன்மீது இரண்டு ரன்னுக்காகக் கோபப்படுகிறோம். ஜார்ஜ் ஆபிரகாமுக்கும் இரண்டு ரன்தான் குறைந்தது.

முடிவுரை

மறையூர் மலையில் முனியறை என்று வழங்கும் கல்திட்டைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பெரிய பெரிய கற்கள். உள்ளே அடங்கியவர் யார் என்று ஒரு சொல் இல்லை. புலிமான்கோம்பையில் சிறிய கல். ஆனால் பெயர் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் அந்தப் பெயர் நிற்கிறது. எழுதினால்தான் நிற்கும்.

மூணாறில் கண்ணன் தேவன் தோட்டங்களுக்கிடையே 1941 முதல் ஃபின்லே ஷீல்டு கால்பந்துப் போட்டி நடந்து வந்திருக்கிறது. ஆடியவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வசூலுக்கு அங்கே போகும்போதெல்லாம் விசாரிப்பேன். "எங்க டிவிஷன் அந்த வருஷம் கப் அடிச்சது அண்ணாச்சி, எங்கப்பாதான் கோல் போட்டார்" என்பார்கள். எந்த வருஷம் என்று கேட்டால் முழிப்பார்கள். மாவட்டப் பக்கத்தில் நாலு வரி வந்திருக்கும். அந்தப் பேப்பர் எந்தக் கடையில் எந்தப் பொட்டலமாகப் போயிற்றோ. ஒருவேளை என் கடையிலேயே போயிருக்கலாம்.

ஆகவே சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் ஒன்று. நம் பொங்கல் விளையாட்டு விழாவில் முதல் பரிசு வாங்கியவர் படத்தை மட்டும் மலரில் போடுகிறோம். இனி ஒரு பெரிய நோட்டு வாங்கி, ஆடிய அத்தனை பிள்ளைகளின் பெயரும், எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம் என்பதும், என்ன எடுத்தான், என்ன விட்டான் என்பதும் அன்றைக்கே எழுதி வைப்போம். பக்கத்தில் நடந்த கதையையும் நாலு வரி எழுதுவோம். தமிழ்நாட்டுப் பேப்பருக்கு நாம் வெளியூர். கேரளப் பேப்பருக்கு நாம் வேற்று பாஷை. நம் பிள்ளைகளின் பெயரை எழுதி வைக்க நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை.

நோட்டு நான் வாங்கித் தருகிறேன்.